நோட்ஸ் வாங்கலாம், ‘உரைப்பாரும் உளர்’ இருக்கிறதா என்று பார்த்து

தங்கச்சிமடத்திலிருந்து இராமநாதபுரத்துக்குத் தினமும் பஸ்ஸில் வந்து இளங்கலைத் தமிழ் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது: “இந்தப் பருவத்தில் எங்களுக்கு அகநானூற்றில் சில பாடல்கள், சிலப்பதிகாரத்தில் ஒரு பகுதி, ஒரு நாவல், விருப்பப் பாடமாகத் திரைப்படத் திறனாய்வு. மூலத்தைப் படியுங்கள் என்கிறார்கள் ஆசிரியர்கள். நோட்ஸ் போதும் என்கிறார்கள் போன ஆண்டு எழுதியவர்கள். வீட்டில் கடல் வேலையும் இருக்கிறது. எதைக் கேட்பது? நல்ல நோட்ஸை எப்படி அடையாளம் காண்பது? படத்துக்கும் நோட்ஸ் உண்டா?”

நோட்ஸ் வாங்குங்கள், தம்பி. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நோட்ஸைக் கண்டாலே முகம் சுளிக்கிறவர்களில் பலர் பள்ளிக்கூடத்தில் கோனார் உரையை அட்டை கிழியப் படித்துத்தான் மேலே வந்தார்கள். எதற்காக வாங்குகிறோம், எப்போது திறக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கையில் எடுத்தது நல்ல நோட்ஸா என்று கடையில் நின்றபடியே கண்டுபிடிக்கவும் ஒரு வழி உண்டு. அதற்குக் கொஞ்சம் பழங்கதை வேண்டும்.

தமிழில் நோட்ஸ் என்பது அச்சு இயந்திரம் வந்த பிறகு முளைத்த கடைச்சரக்கு என்று நினைக்க வேண்டாம். இன்று நாம் ‘உரை’ என்று மரியாதையோடு சொல்லும் நூல்கள் பாடம் சொன்ன திண்ணைகளில் பிறந்தவை. அகப்பொருள் இலக்கண நூலான இறையனார் களவியலின் அறுபது நூற்பாக்களுக்கும் உரை கண்ட கதையை வகுப்பில் கேட்டிருப்பீர்கள். புலவர்கள் ஆளுக்கோர் உரை சொல்கிறார்கள். எது மெய்யுரை என்று தீர்ப்புச் சொல்ல, ஊமைப் பிள்ளையான உருத்திரசன்மனை உட்கார வைக்கிறார்கள். மருதன் இளநாகனார் உரைக்குச் சில இடங்களில் அவன் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்தான்; நக்கீரர் உரைக்குப் பதந்தோறும் சிலிர்த்தான். அந்த அளவுகோலை இன்றைய நோட்ஸ் கடைக்குக் கொண்டுபோனால் அலமாரி காலியாகிவிடும், அதை விடுவோம். நக்கீரரின் அந்த உரை, ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு, அவரிடமிருந்து அவருடைய மாணவருக்கு என்று நக்கீரரில் தொடங்கி முசிறி ஆசிரியர் நீலகண்டனார் வரை பத்துப் பேர் வழியாக வந்தது என்று அந்த நூலே வரிசை சொல்கிறது. பரீட்சைத் தாள் இல்லை என்பதைத் தவிர, நோக்கம் அன்றும் இதுதான்: பாடம் கேட்கிறவனுக்குப் புரிய வைப்பது.

திருக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகரையோ தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரை எழுதிய சேனாவரையரையோ ஒரு பக்கம் புரட்டினால் அவர்கள் செய்வது தெரியும். அருஞ்சொல்லுக்குப் பொருள் சொல்வார்கள், இலக்கணக் குறிப்பு வைப்பார்கள், மேற்கோள் காட்டுவார்கள். இவ்வளவும் இன்றைய நோட்ஸிலும் உண்டு. அவர்கள் இன்னொன்றும் செய்வார்கள். ‘இவ்வாறு உரைப்பாரும் உளர்’ என்று மாற்றுக் கருத்தைச் சொல்லி, அது ஏன் பொருந்தாது என்று காரணம் காட்டுவார்கள். சில சமயம் காரணம் சொல்லாமல் அப்படியே விட்டுவிட்டுப் போவதும் உண்டு. படிக்கிறவனுக்கு அங்கே ஒரு வேலை கிடைக்கிறது: இவர் சொல்வது சரியா, அவர் சொல்வதா என்று மூலத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை இதுதான். நோட்ஸைப் புரட்டுங்கள். எங்காவது ஓரிடத்தில் ‘இப்படியும் பொருள் கொள்வர்’ என்ற சாயலில் ஒரு வரி இருக்கிறதா? இருந்தால் எழுதியவர் மூலத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறார். முந்நூறு பக்கத்திலும் அப்படி ஒரு வரி இல்லை என்றால், பெரும்பாலும் இன்னொரு நோட்ஸைப் பார்த்து எழுதியது. விலை, அட்டை, ‘முக்கிய வினாக்கள்’ என்ற சிவப்பு முத்திரை எதுவும் இந்த அளவுக்குத் துப்புத் தராது.

ஐயம்பெருமாள் கோனார் திருச்சி புனித வளனார் கல்லூரியில் தமிழ் சொல்லிக் கொடுத்தவர். பழனியப்பா பிரதர்ஸ் வெளியிட்ட அவருடைய உரைகள் எவ்வளவு பரவின என்றால், எந்தப் பதிப்பகத்தின் நோட்ஸையும் ‘கோனார்’ என்றே கேட்டு வாங்கும் தலைமுறைகள் உருவாயின. ஆங்கிலத்தில் இதே வேலையைச் செய்த கிளிஃப்ஸ் நோட்ஸ் 1958இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், ஷேக்ஸ்பியர் நாடகங்கள் பதினாறுக்கான கையேடுகளாகத் தொடங்கியது. அதை நடத்திய கிளிஃப்டன் ஹிலெகாஸ், இந்தக் குறிப்புகள் மூலத்துக்கு மாற்று அல்ல என்று புத்தகத்திலேயே கையெழுத்திட்டு எச்சரிக்கை அச்சிட்டார். விற்கிறவரே சொன்ன பிறகு நாம் என்ன சொல்ல இருக்கிறது? உங்கள் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கும் நண்பர்கள் இப்போது இணையத்தில் பார்ப்பதெல்லாம் அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான்.

நோட்ஸ் எதில் கெட்டி? திணை, துறை, கூற்று, பாடியவர், அருஞ்சொற்பொருள், காப்பியத்தின் காண்டப் பிரிவு, பாத்திரங்களின் உறவுமுறை. இரண்டு மதிப்பெண் கேள்விகள் முழுக்க இந்தச் சரக்குதான். இதை மூலத்திலிருந்து நீங்களே தோண்டி எடுக்க வேண்டும் என்று சொல்வது வீண் பிடிவாதம். நோட்ஸ் எதில் வழுக்குகிறது என்பதை ஒரு பாட்டை வைத்துத்தான் காட்ட வேண்டும். உங்கள் ஊருக்குப் பக்கத்துப் பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: அகநானூறு எழுபதாவது பாடல், மதுரைத் தமிழ்க் கூத்தனார் கடுவன் மள்ளனார் பாடியது, நெய்தல். அகநானூற்றில் முதல் தொண்ணூறு பாடல்களுக்குப் பழைய குறிப்புரை ஒன்று கிடைத்திருக்கிறது. இது அதற்குள் வருகிறது என்பதால் துணைக்கு ஆள் உண்டு.

எந்த நோட்ஸும் இதன் பொழிப்பை ஐந்தாறு வரியில் முடித்துவிடும். வளைந்த திமிலில் (படகில்) போன பரதவருக்கு நல்ல வேட்டை. சிறுகண் வலை தந்த பயனைப் பாராட்டி, கொழுத்த அயிலை மீனைப் பாக்கத்தாருக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். அத்தகைய துறைக்குரிய தலைவனோடு நமக்கிருந்த உறவை முன்பு பெண்கள் தூற்றிப் பலரும் அறிந்தார்கள். இப்போது திருமணம் கூடிய பிறகு, பாண்டியரின் பழைய கோடித் துறையில் (தனுஷ்கோடி என்பர்) இராமன் மறை ஆராய்ந்தபோது பறவைகளின் ஒலியை அடக்கிய ஆலமரம் போல ஊர் அடங்கிவிட்டது என்று தோழி தலைவியிடம் சொல்கிறாள். இதில் பிழை ஒன்றும் இல்லை. ‘உவமை நயம்: ஆலம் போல’ என்று ஒரு வரியும் சேர்த்திருப்பார்கள். பத்து மதிப்பெண் கேள்விக்கு இதையே நீட்டி எழுதினால் பாதி மதிப்பெண் கிடைக்கும்.

நோட்ஸைத் திறக்கும் முன் பாட்டை இரண்டு முறை வாய்விட்டு வாசியுங்கள். பொருள் முழுக்கப் புரிய வேண்டியதில்லை. வாக்கியம் எங்கே முடிகிறது என்று மட்டும் பென்சிலால் கோடு போடுங்கள். பதினேழு அடியில் வாக்கியம் இரண்டே இரண்டு. முதலாவது ஏழாம் அடியின் நடுவில் ‘பலரும் ஆங்கு அறிந்தனர் மன்னே’ என்று முடிகிறது. அதே அடியில் ‘இனியே’ என்று அடுத்தது தொடங்குகிறது. ஐந்தாம் அடியில் ‘முன்னே’, ஏழாம் அடியில் ‘இனியே’. ஆக, பாட்டின் திருப்பம் அடியின் நடுவிலேயே நடந்துவிடுகிறது. இரண்டாவது வாக்கியத்தின் வினை கடைசி அடியில்தான் வருகிறது: ‘ஒலி அவிந்தன்று, இவ் அழுங்கல் ஊரே’. ஊர் அடங்கிவிட்டது என்ற செய்திக்கு நான்கு சொல் போதும். அதைச் சொல்லாமல் பத்து அடி தள்ளிப் போடுகிறாள் தோழி. ஏன்?

இடையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஞாழலும் புன்னையும் கரையில் பூ உதிர்த்துக் கோலம் போடுகின்றன. விழாவுக்கு அணி செய்துகொள்ளும் பெண்கள் நெய்தல் பூவைத் தழையில் சேர்க்கிறார்கள். பிறகு கோடித் துறையில் கடல் முழங்குகிறது. அதன் பிறகுதான் ஆலமரம், அடங்கிய ஒலி. பாட்டின் முதல் பாதி முழுக்க ஊர்ச் சத்தம். வேட்டை வாய்த்த கரையில் மீன் பகிரும் இடம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கரைவலை இழுக்கும்போது கை கொடுத்தவர்களுக்குக் கறிக்கு மீன் ஒதுக்கும் நேரத்தில் யாராவது மெதுவாகப் பேசி நீங்கள் கேட்டதுண்டா? அந்தச் சத்தத்தோடு ஊர்ப்பேச்சும் சேர்கிறது. இரண்டாம் பாதியில் பூ உதிர்கிறது, அதற்குச் சத்தம் இல்லை. திடீரென்று கடல் முழக்கம். அந்த முழக்கத்தின் பக்கத்திலேயே ஒரு மரம் ஓய்ந்து நிற்கிறது. கடல் ஓயவில்லை, ஊர்தான் ஓய்ந்தது. தனுஷ்கோடியில் நின்றவருக்குத் தெரியும், அங்கே எந்த அமைதியும் அலைச் சத்தத்துக்குள்ளேதான் இருக்க முடியும். வம்பு ஓய்ந்தது என்பதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. இந்தப் பத்தியை உங்கள் சொல்லில் விடைத்தாளில் எழுதுங்கள். திருத்துகிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

அடுத்து, எங்கே கருத்து வேறுபட இடம் இருக்கிறது என்று தேடுங்கள். பாட்டு ‘வதுவை கூடிய பின்றை’ என்கிறது. திருமணம் முடிந்துவிட்டதா, உறுதியாகித்தான் இருக்கிறதா? பாட்டின் கீழே உள்ள துறைக்குறிப்பு, தலைவன் மணத்துக்கு முனைந்து நிற்பதைத் தோழி சொன்னதாகக் கொள்கிறது. துறைக்குறிப்புகள் பாடலோடு பிறந்தவை அல்ல, தொகுத்தவர்களும் பின்வந்தவர்களும் எழுதியவை என்பது பொதுவான கருத்து. அப்படியானால் நீங்கள் பாட்டின் சொல்லை நம்புவீர்களா, குறிப்பையா? எந்தப் பக்கம் நின்றாலும் காரணத்தோடு நின்றால் மதிப்பெண் உண்டு. இராமன் மரத்தடியில் பறவைகளை அடக்கிய செய்தி வால்மீகியிலும் கம்பனிலும் காணப்படாதது என்று அறிஞர்கள் சுட்டியிருக்கிறார்கள். அதையும் ஒரு வரியில் சேர்க்கலாம்.

ஒரு வரியில் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நம் பக்கத்து மாணவர்களுக்கு இந்தப் பாட்டில் ஒரு சறுக்கல் காத்திருக்கிறது. ‘கவுரியர் தொன்முது கோடி’ என்றதும் தனுஷ்கோடி, சேது, இராமநாத சுவாமி கோயில், 1964 டிசம்பர்ப் புயல் என்று ஒன்றரைப் பக்கம் ஓடிவிடும். ஊர்ப்பற்று நல்லதுதான், ஆனால் தோழிக்கு இராமன் மீது அக்கறை இல்லை. அவளுக்கு வேண்டியது வாய் மூடிய ஊர். உவமைக்குள் வந்தவரை உவமைக்குள்ளேயே விட்டுவிட வேண்டும்.

ஊர்ப்பற்று உதவும் இடமும் உண்டு. தொண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘தொண்டி: சேரர் துறைமுகம்’ என்று எல்லா நோட்ஸிலும் இருக்கும். ஐங்குறுநூற்றில் அம்மூவனார் பாடிய தொண்டிப் பத்துக்கு அது சரி, மேற்குக் கரைத் தொண்டிதான். திருவாடானைப் பக்கத்திலும் ஒரு தொண்டி உண்டு; அங்குள்ள பிள்ளைகள் இதைத் தங்கள் ஊர் என்று எழுதினால் தவறு. ஆனால் சிலப்பதிகாரம் ஊர்காண் காதையில் ‘வங்க ஈட்டத்துத் தொண்டியோர் இட்ட அகிலும் துகிலும் ஆரமும் வாசமும்’ சுமந்துகொண்டு கொண்டல் காற்று கூடல் நகரான மதுரைக்குள் நுழைகிறது. கொண்டல் என்றால் எந்தத் திசைக் காற்று என்று வீட்டில் கேளுங்கள். கச்சான், வாடை, சோழகம், கொண்டல் நான்கையும் திசையோடு சொல்லிவிடுவார்கள். கிழக்கிலிருந்து மதுரைக்கு வரும் காற்று மலபார்க் கரைத் தொண்டியின் வாசனையைக் கொண்டுவர முடியாது. இது நம் தொண்டிதான். சிலப்பதிகாரத்தின் பழைய உரையாசிரியர் அடியார்க்குநல்லார் இந்த இடத்தில் என்ன செய்கிறார் தெரியுமா? அகில் என்றால் வாசனைக் கட்டை என்று சொல்லிவிட்டுப் போகாமல், அருமணவன், தக்கோலி, கிடாரவன், காரகில் என்று அதன் வகைகளை வரிசைப்படுத்துகிறார். கிடாரம் என்பது இன்றைய மலேசியாவின் கெடா. சரக்கு எந்தக் கடல் வழியாக வந்தது என்பது உரையிலேயே இருக்கிறது. ‘அகில்: நறுமணப் பொருள்’ என்று முடிக்கும் நோட்ஸுக்கும் இதற்கும் உள்ள தூரத்தை நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

சிலப்பதிகாரத்தில் உங்களுக்குப் பாடம் கானல்வரி என்றால் இன்னொன்று தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பகுதிக்கு அடியார்க்குநல்லார் உரை கிடைக்கவில்லை. அரும்பதவுரை என்ற பழைய உரையின் சுருக்கமான குறிப்புகளும் ந.மு. வேங்கடசாமி நாட்டார் போன்ற இருபதாம் நூற்றாண்டு உரையாசிரியர்களும்தான் துணை. எனவே அங்கே நோட்ஸின் பொழிப்பைக் கொஞ்சம் கூடுதல் சந்தேகத்தோடு படியுங்கள். கோவலன் பாடியதை மாதவி எந்த வரியில் வேறாக எடுத்துக்கொண்டாள் என்பதை நீங்களே விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும்.

கீழக்கரைப் பக்கத்து நண்பர்கள் சீறாப்புராணத்துக்கும் இதே வழியைக் கேட்பார்கள். 5027 பாடல்கள், மூன்று காண்டங்கள், வள்ளல் சீதக்காதியின் ஆதரவு ஆகியவற்றை நோட்ஸ் சரியாகச் சொல்லும். நாட்டுப் படலத்தில் அரபு நாட்டில் மழை பொழிந்து ஆறு பெருகி வயல் விளைகிறதே, உமறுப்புலவருக்குப் பாலைவனம் தெரியாதா என்ற கேள்வியை அது கேட்காது. நீங்கள் கேளுங்கள். தமிழ்க் காப்பிய மரபு என்ற விடை அங்கிருந்துதான் திறக்கும்.

நாவலுக்கு வருகிறேன். எந்த நாவல் என்று நீங்கள் சொல்லவில்லை; வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ என்று வைத்துக்கொள்வோம், சிறியது, நம் கரைக்குத் தெற்கே மணப்பாட்டில் நடப்பது. நாவல் நோட்ஸின் பெரிய கேடு ‘பாத்திரப் படைப்பு’ என்ற தலைப்பு. குரூஸ் பாசமுள்ள தந்தை, பிலோமி மென்மையான பெண் என்று பெயரடைகளை அடுக்கிவிட்டு முடித்துக்கொள்வார்கள். அந்த வரிகளை வேறு எந்த நாவலின் எந்தத் தந்தைக்கும் ஒட்டலாம். உங்கள் குறிப்பேட்டில் பெயரடையே எழுதாதீர்கள். வினைச்சொல் மட்டும் எழுதுங்கள்: யார் எதை விற்றார், எதை விற்க மறுத்தார், யாரிடம் எதைச் சொல்லாமல் விட்டார். ஓர் அத்தியாயத்துக்கு இரண்டு வரி போதும். நாட்டுப்படகான வல்லத்துக்கும் விசைப்படகான லாஞ்சுக்கும் இடையில் ஊர் பிளந்து நிற்கும் கதையில், வல்லத்தின் பக்கம் நிற்பவர் ஒவ்வொருவரும் எதை இழக்கப் பயப்படுகிறார் என்று பிரித்து எழுதினால் பாத்திரப் படைப்பு தானாக வந்துவிடும். நாட்டுப்படகும் விசைப்படகும் ஒரே கடலில் ஓடும் ஊரிலிருந்து வருகிறீர்கள். அந்தச் சண்டையின் காரணங்கள் உங்களுக்கு வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. கரைப் பேச்சு மட்டும் அங்கும் இங்கும் ஒன்றல்ல. தெரிந்த சொல் போலத் தோன்றினாலும் அந்த ஊரில் அதற்கு என்ன பொருள் என்று பார்த்துவிடுங்கள்.

இனிப் படம். பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் ‘திரைமொழி’ என்ற பாடம் படித்திருப்பீர்கள். அந்தப் பழைய புத்தகத்தைத் தூக்கிப் போட்டிருந்தால் யாரிடமாவது கேட்டு வாங்குங்கள், நல்ல தொடக்கம் அது. கடையில் கிடைக்கும் திரைப்பட நோட்ஸைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. கதைச்சுருக்கம், ‘படம் உணர்த்தும் கருத்து’, நடிகர் பெயர், பெற்ற விருது. இதில் ஒரு வரிகூடப் படத்தைப் பார்க்காமல் எழுத முடியாதது என்று சொல்ல முடியாது. ஆங்கிலத்தில் இணையத்தில் கிடைக்கும் படக் கையேடுகள் இதைவிட மேல், ஷாட், ஒளி, ஒலி, படத்தொகுப்பு என்று பிரித்துக் காட்டும். ஆனால் அவை ஹாலிவுட் படத்தை மனத்தில் வைத்து உருவானவை. அவற்றின் கட்டங்களில் இரண்டு முக்கியமான விஷயங்களுக்கு இடமே கிடையாது: இடைவேளையும் பாட்டும்.

தமிழ்ப் படம் இடைவேளையைச் சுற்றிக் கட்டப்படுவது. விளக்குப் போடும்போது பார்வையாளர் மனத்தில் எந்தக் கேள்வி தொங்குகிறது? அதை ஒரே வாக்கியமாக எழுதிப் பாருங்கள். இரண்டாம் பாதி அந்தக் கேள்விக்கு விடை சொல்கிறதா, வேறு கேள்விக்குத் தாவுகிறதா? ஒரு படத்தின் கட்டமைப்பு பற்றிய நல்ல கட்டுரை இதிலிருந்தே கிடைத்துவிடும். பாட்டுக்கும் அப்படித்தான். இசை, வரிகள் என்று எழுதுவதற்கு முன், பாட்டு தொடங்கியபோது கதையில் என்ன நாள், முடிந்தபோது என்ன நாள் என்று பாருங்கள். நான்கு நிமிடத்தில் ஓர் ஆண்டு ஓடியிருக்கலாம், ஒரு கணம்கூட நகராமலும் இருந்திருக்கலாம். இரண்டும் வேறு வேறு வேலை.

படத்தொகுப்பைப் புத்தகத்தில் படித்து மனப்பாடம் செய்யாதீர்கள். சோவியத் இயக்குநர் லெவ் குலஷோவ் செய்த சோதனை பாடத்தில் வரும்: சலனமில்லாத ஒரே நடிகர் முகத்தை ஒரு முறை சூப்புக் கிண்ணத்தோடும், ஒரு முறை சவப்பெட்டியோடும், ஒரு முறை ஒரு பெண்ணோடும் ஒட்டிக் காட்டினார்; பார்த்தவர்கள் அந்த முகத்தில் பசி, துக்கம், ஆசை என்று வெவ்வேறு உணர்ச்சிகளைக் கண்டார்கள். இதை நீங்களே செய்து பார்க்கலாம். வலை பழுது பார்க்கும் பாட்டியின் முகத்தைக் கைபேசியில் பத்து விநாடி படம் எடுங்கள், அவரிடம் அனுமதி கேட்டுவிட்டு. சிரிக்கவோ அழவோ சொல்லாதீர்கள். பிறகு மூன்று காட்சிகள்: ஆள் அரவமற்ற கடல், கரைக்குத் திரும்பும் ஒரு படகு, மணலில் விளையாடும் ஒரு குழந்தை. முகத்தை அடுத்து இவற்றை ஒவ்வொன்றாக ஒட்டி, விஷயம் தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள். ‘கடலுக்குப் போனவன் வரவில்லை’ என்று முதல் துண்டைப் பார்த்து யாராவது சொல்லுவார். நீங்கள் எடுத்ததில் அப்படி எதுவும் இல்லை. ஒட்டியதில் வந்தது அது. இந்தச் சோதனையை விடைத்தாளில் நான்கு வரியில் எழுதினால், குலஷோவின் பெயரை மட்டும் எழுதியவர்களிடமிருந்து நீங்கள் தனித்துத் தெரிவீர்கள்.

பாடத்திலுள்ள படத்தை முதல் முறை நிறுத்தாமல் பாருங்கள், கையில் பேனா வேண்டாம். இரண்டாம் முறை முழுப் படமும் வேண்டாம். மூன்று நிமிடக் காட்சி ஒன்றைத் தேர்ந்துகொண்டு, ஒவ்வொரு ஷாட்டாக நிறுத்தி எழுதுங்கள். அண்மைக் காட்சியா சேய்மைக் காட்சியா, எத்தனை விநாடி, யார் கண்ணோட்டம், என்ன சத்தம். சலிப்பான வேலைதான், ஒரு மாலை முழுக்கப் போய்விடும். ஆனால் படம் பார்த்தவர் எழுதியதற்கும் கதை தெரிந்தவர் எழுதியதற்கும் வித்தியாசம் இங்கேதான் பிறக்கிறது. சத்தத்துக்குத் தனிக் கட்டம் போடுங்கள். கரையில் வளர்ந்தவர்களுக்கு அலை ஓசை காதில் விழுவதே இல்லை, பழகிவிட்டது. படத்தில் அது யாரோ தீர்மானித்து வைத்தது. எந்த இடத்தில் அலை ஓசை குறைகிறது, எங்கே முற்றிலும் நிற்கிறது, அப்போது யார் பேசுகிறார்? மேலே பார்த்த அகப்பாட்டில் முழங்கும் கடலுக்கு அருகில் அடங்கிய மரத்தை வைத்த கவி, இதே வேலையைத்தான் செய்திருக்கிறார். இரண்டு தாளுக்கும் ஒரே காதைப் பயன்படுத்தலாம்.

மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) போல நம் கரையைத் தொடும் படம் பாடமாக இருந்தால் இன்னொரு கவனம் வேண்டும். ஈழத்திலிருந்து படகில் இராமேசுவரம் வந்த பெண் பெற்றுவிட்டுப் போன குழந்தையின் கதை அது. மண்டபம் அகதி முகாமை நேரில் தெரிந்தவர்களுக்கு எழுத நிறைய இருக்கும், கோபமும் இருக்கலாம். ‘உண்மையில் முகாம் இப்படி இருக்காது’ என்று எழுதுவதில் தவறில்லை, ஆனால் எந்தக் காட்சியில், எந்த ஷாட்டில், எதைக் காட்டாமல் விட்டார்கள் என்று குறிப்பிட்டால்தான் அது திறனாய்வு. குறிப்பிடாவிட்டால் அது உங்கள் ஊரைப் பற்றிய கட்டுரையாகிவிடும், நல்ல கட்டுரையாகவே இருந்தாலும்.

நேரம் இல்லை என்று சொன்னீர்கள். பஸ் நேரம் கையில் இருக்கிறது. கூட்டத்தில் நின்றுகொண்டு படிக்க முடியாது; பாடல்களை உங்கள் குரலிலேயே கைபேசியில் பதிந்துகொண்டு காதில் போட்டுக் கேளுங்கள். பாம்பன் பாலம் தாண்டுவதற்குள் ஒரு பாட்டு மூன்று முறை ஓடிவிடும். பொருள் புரியாத சொல் கேட்டுக் கேட்டு உறுத்த ஆரம்பிக்கும், அப்போது உரையைத் திறந்தால் அந்தச் சொல் மறக்காது. மூல நூல்களுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் சங்க இலக்கியமும் சிலப்பதிகாரமும் உரைகளோடு இருக்கின்றன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்திலும் மூலங்களை இறக்கிக்கொள்ளலாம். உரை ஒன்றுக்கு இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் எங்கே வேறுபடுகின்றன என்று குறித்தால் ‘உரைப்பாரும் உளர்’ பட்டியல் ஒன்று உங்கள் கையிலேயே உருவாகும். பெருவினாவுக்கு அந்தப் பட்டியல்தான் மூலதனம்.

பரீட்சைக்கு முந்தைய வாரம் நோட்ஸைத் தாராளமாகத் திறங்கள். அப்போது அது வேகமான நினைவூட்டி. நீங்கள் எழுதியதில் விடுபட்ட பெயர், ஆண்டு, துறை எல்லாவற்றையும் அதிலிருந்து நிரப்புங்கள். நீங்கள் எழுதியதோடு அது முரண்படும் இடத்தில் உடனே உங்களுடையதை அடிக்காதீர்கள். மூலத்தைப் பார்த்துவிட்டு அடியுங்கள்.

கடைசியாக, பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்கு நோட்ஸ் வாங்குவதாக இருந்தால், முதல் பக்கத்தில் எந்தக் கல்வியாண்டின் பாடத்திட்டம் என்று பாருங்கள். பல்கலைக்கழகம் பாடத்திட்டத்தை மாற்றும்போது அதே நூலில் வேறு பாடல்களை வைத்துவிடும். அட்டையில் ‘அகநானூறு’ என்று இருக்கும், உள்ளே உங்கள் பாடல் ஒன்றுகூட இருக்காது.